காந்தல் வாசம்

வியாழக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு ரோசரியின் வீட்டுக்குள் சோறு வேகிற வாசனை வந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசித்த வயிறு எதையாவது நினைத்துக்கொள்ளும் என்று பாயில் திரும்பிப் படுத்தாள். வாசனை போகவில்லை. தண்ணீர் கொதித்து அரிசி மேலும் கீழும் புரளும்போது வரும் பச்சை வாடை, பிறகு கஞ்சி நுரைத்துப் பானை விளிம்பில் வழியும்போது வரும் இனிப்பு, பிறகு வடித்து மூடிய பானையின் அடியில் கங்கு பட்டு ஒரு சுற்றுச் சோறு தீயத் தொடங்கும்போது வருமே, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும் அந்தக் காந்தல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வந்தன. யாரோ அவசரமே இல்லாமல் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரப்பர் தோட்டத்து லயத்தின் இருபத்து நாலு வீட்டில் எதிலும் அடுப்பு எரியக் கூடாது. அவசரகாலச் சட்டப்படி சில மாதமாக வீட்டில் ஒரு பிடி அரிசி வைத்திருந்தாலே குற்றம். அரிசி தோட்டத்து முள்வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சர்க்கார் பயந்தது. வெந்த சோறு ஒரு நாளில் புளித்துவிடும் அல்லவா, அதனால் பொதுச் சமையல் கொட்டகையில் பொங்கித் தலைக்கு இரண்டு அகப்பை கொடுத்தார்கள். போன திங்கட்கிழமை ரோட்டில் ஒரு லோரியைக் காட்டு ஆட்கள் கொளுத்தியதிலிருந்து அதற்கும் நேரம் வைத்துவிட்டார்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கதவைத் திறக்கலாம். தண்ணீர், கக்கூஸ், சோறு எல்லாம் அதற்குள். மற்ற இருபத்திரண்டு மணி நேரமும் கதவும் சன்னலும் சாத்தியே இருக்க வேண்டும், வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள்.

ரோசரி எழுந்து உட்கார்ந்தாள். வீடென்றால் ஒரே அறைதான். மூலையில் தேத்தண்ணீர்கூட வைக்காமல் நாலு நாளாகக் குளிர்ந்து கிடக்கும் அடுப்பு, அதன் மேல் கவிழ்த்து வைத்த பானை, சுவரில் மாதா படம், தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக விழும் நாலைந்து வெளிச்சப் பொட்டு. பக்கத்து வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அது கூரை வரை போகாது, மேலே இரண்டு முழம் திறந்தே இருக்கும். தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும், மீன் பொரித்தால் இந்தப் பக்கம் நாக்கில் நீர் ஊறும்.

அந்தத் தடுப்புக்கு அப்பாலிருந்து சத்தம் கேட்டது.

கர்ர்க். கொஞ்சம் இடைவெளி. கர்ர்க். பானையின் அடியில் ஒட்டிய காந்தலை இரும்பு அகப்பையால் சுரண்டும் சத்தம். தாயம்மா அப்படித்தான் சுரண்டுவாள். அவளுக்குக் காந்தல் என்றால் உயிர். சுரண்டி எடுத்து உப்புத் தூவி, ஒரு துண்டைத் தடுப்பின் மேலாக நீட்டி, "ரோசரிக்கா, இந்தாங்க" என்பாள்.

ஆனால் தாயம்மா அங்கே இல்லை. ஒன்பது நாளாக அவள் கோலசிலாங்கூர் லாக்கப்பில் இருந்தாள். வீட்டுக்கு வெளியே பூட்டுத் தொங்கியது. அவளை அங்கே அனுப்பியதும் ரோசரிதான்.

ரோசரிக்கு அந்தத் தோட்டத்தில் வேலையே மூக்குதான். விடியற்காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து பெண்கள் மரம் சீவப் புறப்படும்போது, முள்வேலி வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் சோதிக்க வேண்டும். கொண்டை, முந்தானை, இடுப்புச் செருகல், கைவிரல். எத்தனை மடிப்புக்குள் அரிசியை ஒளித்தாலும் ரோசரி கண்டுபிடித்துவிடுவாள் என்று காவல்காரர்களே பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெருமை அவளுக்கு வேண்டியிருந்தது. புருசன் காப்ரியல் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் போனவன் போனவன்தான். மரம் சீவ முடியாதபடி முழங்காலும் கெட்டுப்போனவளுக்கு, மூக்கு இல்லையென்றால் வீடும் இல்லை.

போன வாரம் புதன்கிழமை. தாயம்மாவின் வேலைச் சேலை விளிம்பில் குனிந்தபோது சோற்று வாசனை குப்பென்று அடித்தது. சந்தேகமே இல்லை. சுடச்சுட, அடிப்பிடித்த சோறு.

"சோறு" என்றாள் ரோசரி.

"என்னக்கா இது! நேத்து உங்ககூடத்தான உக்காந்து சாப்புட்டேன். எனக்குத் தனியாச் சோறு ஏதுக்கா? இன்னொருக்கா நல்லா மோந்து பாருங்க."

இன்னொரு முறையும் மோந்தாள். "சோறுதான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஒரு பருக்கைகூடக் கிடைக்கவில்லை. முந்தின நாளே எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு தாயம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். காட்டு ஆட்களுக்குச் சோறு கொடுத்தால் வருசக்கணக்கில் ஜெயில், இல்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். தாயம்மா இங்கேயே பிறந்தவள், அந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்த இரண்டாம் நாள் ராணுவத்தோடு மரம் அளக்கப் போய்விட்டு வந்தார் காட்டிலாகாவில் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம். அவர் வாசலைக் கடக்கும்போது ரோசரியின் மூக்கு நிமிர்ந்தது. அதே வாசனை. அவர் கையிலிருந்த புகையிலை டப்பாவிலிருந்து வந்தது.

"டப்பாவுல என்ன சார்?"

சிவானந்தம் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு மூடியைத் திறந்தார். ஈரப் பாசி மேல் ஒரு பூ. விரல் நீளம், தடித்த மூன்று இதழ், காய்ந்த ரத்த நிறம். நடுவே மட்டும் வெள்ளை வெளேரென்று ஏதோ குவிந்திருந்தது.

"சோத்து வாசம் அடிக்குதுல்லம்மா? வெள்ளக்காரத் தொரைங்க இருவது வருசமாத் தேடுற செடி. ஒங்க பதினாலாம் நெரைக்குப் பின்னாடி, பாயா சதுப்பு ஓரத்துல, ஒத்தச் செடி நிக்குது. இது கெளையில பூக்காது. வேர்லருந்து கயிறு மாதிரி மண்ணுக்குள்ளயே ஓடி, எங்கயோ தள்ளிப் போய் மண்ணப் பொளந்துக்கிட்டு வரும். மரம் சீவுறவங்க அது மேல மிதிச்சிக்கிட்டுத்தான் போறாங்க, கீழ யாரு பாக்குறா?"

பதினாலாம் நிரை மரங்களைச் சீவுகிறவள் தாயம்மா. ரோசரி டப்பாவை இன்னொரு முறை மோந்தாள்.

"ஏம்மா, என்னமோ கேக்க வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான்."

அவர் டப்பாவை மூடிக்கொண்டு கோலாலம்பூர் போய்விட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பூவையும் சோற்றையும் பிரித்துத் தெரியாத மூக்கை வாசலில் வைத்திருப்பார்களா? இதுவரை அவள் பிடித்துக் கொடுத்த ஆறு பேரின் கதையையும் தோண்ட மாட்டார்களா? அவள் யோசித்தாள், நன்றாகவே யோசித்தாள். மறுநாள் மதியம் விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பதினாலாம் நிரையின் கடைசிக்குப் போனாள்.

பால்மரங்கள் முடிகிற இடத்தில் வெளிச்சமும் முடிந்தது. தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் தேங்கிய சதுப்பு. மூச்சு வாங்குவதற்காக முழங்கால் மடக்கி வெளியே எட்டிப் பார்க்கும் வேர்கள். மக்கிய இலை மெத்தை காலை வைத்தால் கணுக்கால்வரை இழுத்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. செடி அவள் மார்பு உயரம்தான் இருந்தது. நீள நீளமான கரும்பச்சை இலைகள், எல்லாம் அவள் பக்கம் சாய்ந்த மாதிரி. பாராங்கத்தியால் அடித்தாள். வெட்டிய தண்டிலிருந்து வெள்ளையாக, கொழகொழவென்று, கஞ்சித் தண்ணீர் வழிந்து அவள் இரண்டு கையையும் நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. துண்டு துண்டாக வெட்டிக் கறுப்புத் தண்ணீரில் எறிந்தாள். மண்ணைப் பிளந்து நின்ற பூக்களை ஒன்றுவிடாமல் பிடுங்கினாள். வேரை மட்டும் பிடுங்க முடியவில்லை. அது லயத்தின் திசையில் மண்ணுக்குள் ஓடியது.

அதைப் பார்த்தாள்தான். அப்போது அதைப் பற்றி அவள் நினைக்கவில்லை. இந்தப் புது லயம் நிற்கிற இடமே போன வருசம்வரை அதே சதுப்புக்காடுதான். ஆட்களை வேலிக்குள் அடைப்பதற்காகக் காட்டை வெட்டி, மண் கொட்டி, அதன் மேல் வீடு கட்டினார்கள்.

கர்ர்க்.

பூட்ஸ் சத்தம் லயத்தின் நடைபாதையில் வந்து அவள் கதவுக்கு வெளியே நின்றது.

"ரோசரிக்கா." காவல்காரன் சன்னாசியின் குரல். தோட்டத்துப் பையன்தான், இப்போது தோளில் துப்பாக்கி. "உள்ள அடுப்பு எரியுதா?"

"இல்லப்பா. அரிசி ஏது எனக்கு?"

"வாசம் வருதே."

"பக்கத்து வீட்டுலருந்து வருது. சத்தம்கூடக் கேக்குது பாரு."

சன்னாசி நடந்து போய்த் தாயம்மா வீட்டுப் பூட்டை ஆட்டிப் பார்த்தான். பலகை இடுக்கில் மூக்கை வைத்து உறிஞ்சினான். திரும்பி வந்தான்.

"அங்க ஒரு சத்தமும் இல்லக்கா. வாசமும் இல்ல. உங்க வீட்டுலருந்துதான் அடிக்குது." கொஞ்சம் தயங்கினான். "நான் எதையும் மோக்கல, போங்க. ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வராரு லா. ஊரடங்குல சாட்சிய வெளிய கொண்டுபோக முடியாதாம், அதான் தாயம்மாவ இங்கயே கூட்டிட்டு வராங்க. நீங்க சொல்றத எழுதிக்கிட்டு, சாயங்காலமே முடிவு பண்ணிருவாங்களாம். அந்த நேரத்துல இந்த வாசம் இருந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பூட்ஸ் சத்தம் தள்ளிப் போனது. சுரண்டல் மறுபடியும் தொடங்கியது. ஆனால் இப்போது தடுப்புக்கு அப்பால் இல்லை. கீழே.

ரோசரி குனிந்தாள். தரை முழுக்கப் பலகைதான், மண்ணிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் குட்டைக் கால்களின் மேல் நின்றது. பாயைச் சுருட்டினாள். அவள் தலை வைத்துப் படுக்கும் இடத்தில், இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் இடுக்கில், காய்ந்த ரத்த நிறத்தில் ஒரு பூ.

இதழ்கள் விரிந்து அவள் தலையணை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

கிள்ளி எடுத்தாள். காம்பு நுனியில் கஞ்சி துளிர்த்தது. அதைப் பானைக்கு அடியில் வைத்து மூடினாள். வாசனை குறையவில்லை, மூடிய பானைக்குள் இன்னும் பக்குவமாக வேகத் தொடங்கியது. திரும்பினால் அதே இடுக்கில் இன்னொன்று. அடுப்போரம் ஒன்று. வாசல்படிக்கு உள்ளே இரண்டு. மாதா படத்துக்கு நேர் கீழே மூன்று, வரிசையாக.

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். பிடுங்கிக்கொண்டே சொன்னாள். பிடுங்கப் பிடுங்க வந்தன. ஒவ்வொன்றும் பலகையைத் தேய்த்துக்கொண்டு மேலே ஏறும்போது அந்தச் சத்தம். கர்ர்க். அகப்பை அல்ல. இதுதான். இதுதான் சுரண்டிக்கொண்டிருந்தது.

மடியில் இருபது பூவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. வெளியே எறிய முடியாது, சன்னல் திறந்தால் சுடுவார்கள். எரிக்க முடியாது, புகை கிளம்பினால் அடுப்பு எரிகிறது என்று கதவை உடைப்பார்கள். புதைக்க மண் கீழே இருக்கிறது, அது வந்ததே அங்கிருந்துதான். பத்தடிக்குப் பத்தடி அறை. கூரை ஓட்டைகளில் வெளிச்சம் மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தது. ஒளித்து வைப்பதற்கு இந்த வீட்டில் ஓரிடம்தான் உண்டு என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனை பெண்கள் அவள் வாசலில் அப்படிச் செய்து தப்பித்திருக்கிறார்கள். ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு, விழுங்கி, வெறுங்கையை விரித்துக் காட்டுவார்கள்.

ஒரு பூவை வாயில் போட்டாள்.

கசக்கும் என்று நினைத்தாள். கசக்கவில்லை. சோறு. உப்புப் போட்ட, இளஞ்சூடான, அடிப்பிடித்த சோறு. பல்லில் மொறுமொறுத்தது. நாலு நாள் பசி அவளைக் கேட்காமலே இரண்டாவதை எடுத்தது. மூன்றாவது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வாய் மென்றுகொண்டே இருந்தது. விழுங்கினாள். பிடுங்கினாள். விழுங்கினாள். இருட்டு வந்தது. கை தடவித் தடவிப் போனது. தரை. இடுக்கு. பூ. வாய்.

கடைசிப் பூவை விழுங்கியபோது சத்தம் நின்றது. வாசனையும் நின்றது.

ரோசரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. ஆனால் எதுவும் வரவுமில்லை. விடிகிற நேரத்தில் மனசு தெளிந்து கிடந்தது, காய்ச்சல் விட்ட உடம்பைப் போல. பாதிரியார் வரும்போது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இதுவரை தள்ளிப்போட்டிருந்தாள். அவர் மாதம் ஒரு முறைதான் வருவார், தாயம்மாவுக்கு அத்தனை நாள் இல்லை. சொல்லிவிடலாம். அது சோறில்லை, பூ. வேலை போகட்டும், வீடு போகட்டும். சிவானந்தம் சாரைக் கேளுங்கள், அவர் டப்பாவில் இருக்கிறது என்று சொல்லலாம். தாயம்மா திரும்பி வருவாள். தடுப்புக்கு மேலாகக் கை நீட்டுவாள். நினைக்க நினைக்க ரோசரிக்கு அழுகை வந்தது, சந்தோசமாகவும் இருந்தது. முகம் கழுவி, தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு பத்து மணிக்குக் காத்திருந்தாள்.

வயிறு மட்டும் கனமாக இருந்தது. சூடாகவும்.

கதவைத் தட்டினார்கள். திறந்தாள். நாலு நாளாகப் பார்க்காத காலை வெயில் கண்ணில் குத்தியது. இன்ஸ்பெக்டர் கையில் காகிதம். பக்கத்தில் சன்னாசி. அவர்களுக்கு நடுவே தாயம்மா, அதே வேலைச் சேலையில், பாதியாக இளைத்து, உதடு வெடித்து. அவள் பூட்டிய தன் வீட்டைப் பார்க்கவில்லை. ரோசரியை மட்டும் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் மலாயில் ஏதோ சொன்னார். சன்னாசி தமிழில் சொன்னான். "அன்னைக்கு என்ன மோந்தீங்கன்னு சொல்லச் சொல்றாரு. யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"ரோசரிக்கா" என்றாள் தாயம்மா. குரல் கீறிப்போயிருந்தது. "உங்களுக்குத் தெரியும். வாயத் தொறந்து சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா விட்டுருவாங்க."

சொல்லத்தான் போகிறாள். ரோசரி தலையை ஆட்டினாள். புன்னகைகூட வந்தது. வாயைத் திறந்தாள்.

"அது..."

நாக்கின் மேல் ஏதோ மெத்தென்று புரண்டது. துப்பினாள், உள்ளங்கையில். ஒரு பருக்கை. வெள்ளையாக, நீளமாக, ஆவி பறக்க.

"அது சோ..." மறுபடியும். நாலைந்து பருக்கை. உதட்டோரம் ஒட்டிக்கொண்டது. விழுங்கப் பார்த்தாள். கீழே போகவில்லை. மேலேதான் வந்தது. ஒரு கவளம். இன்னொரு கவளம். கையில் நிறைந்து விரலிடுக்கில் வழிந்து பலகையில் விழுந்தது. சூடு. தொண்டை வெந்தது. மூச்சு. மூச்சுக்கு இடமில்லை. முழங்காலில் விழுந்தாள். பூ என்று சொல்ல வேண்டும், ஒரே எழுத்து, அதற்கு உதட்டைக் குவித்தாள். குவித்த உதட்டைப் பிளந்துகொண்டு சோறு கொட்டியது.

சன்னாசி குனிந்தான். தரையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தான். மோந்தான்.

"சோறுதான் துவான்" என்றான் இன்ஸ்பெக்டரிடம்.

இன்ஸ்பெக்டர் குளிர்ந்த அடுப்பைப் பார்த்தார், கவிழ்ந்த பானையைப் பார்த்தார். பிறகு தாயம்மாவைப் பார்த்தார். தாயம்மா நகரவில்லை, அழவுமில்லை. "சொல்லுங்கக்கா" என்றாள் இன்னொரு முறை, காற்றாக. "சொல்லிருங்கக்கா."

ரோசரி அவளைப் பார்த்துக்கொண்டே வாயை அகலத் திறந்தாள். தாடை வலித்தது. இன்னும் திறந்தாள். சோறு வந்தது. குவிந்தது. முழங்காலை மூடியது. அப்புறம் வெள்ளை நின்று பழுப்பு வந்தது. வளைந்த, மொறுமொறுத்த, பானையின் அடி வடிவிலேயே ஒரு பெரிய காந்தல் துண்டு, பல்லைத் தேய்த்துக்கொண்டு, மெதுவாக.

கர்ர்க்.

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. சன்னாசி பின்னால் நகர்ந்து படியில் தடுக்கினான்.

கர்ர்க். கர்ர்க்.

யாரும் பூட்டிய வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோசரியின் வயிற்றைத்தான் பார்த்தார்கள். நல்ல சேலையின் மடிப்புக்குள், உள்ளேயிருந்து, ஏதோ ஒன்று அடிவரை நிதானமாகச் சுரண்டிக்கொண்டிருந்தது.